துவைக்கக் கூடாத புடவை

முப்பத்தெட்டு வருஷம் நான் சினிமாவுக்குத் துணி துவைத்தேன். துவைத்தேன் என்று மட்டும் சொன்னால் அது பாதி வேலைதான். எனக்கு அழுக்கை எடுக்கவும் தெரியும், அழுக்கை வைக்கவும் தெரியும். காலையில் பாண்டி பஜாரில் வாங்கி வந்த சட்டையைச் சாயங்காலத்துக்குள் நாலு வருஷம் உழைத்த சட்டையாக்கித் தருவேன். காலர் மடிப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். பாக்கெட்டில் கல்லைப் போட்டு ஈரத்தோடு தொங்கவிட்டால் பாக்கெட் வாய் தொய்ந்து கொடுக்கும். பொத்தான்களில் ஒன்றை மட்டும் வேறு நிற நூலால் தைப்பேன். படம் பார்த்தவர்கள் யாரும் அந்தச் சட்டையைப் பாராட்டியதில்லை. பாராட்டியிருந்தால் என் வேலை கெட்டுப்போனதாக அர்த்தம்.

எங்கள் சினிமாத் தொழிலாளர் சங்கத்தில் மலர் போடுகிறார்களாம். "நீங்க சொல்லுங்கம்மா, நாங்க எழுதிக்கிறோம்" என்றார்கள். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க ஒரு மாதம் ஆனது. பிழை மட்டும் என் மருமகள் பார்த்துக் கொடுத்தாள். எல்லாப் படத்தையும் பற்றி எழுத வரவில்லை. ஒரே ஒரு புடவையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தப் புடவையைப் போன மாதம் தி.நகரில் மறுபடியும் பார்த்தேன். அதனால்தான் இந்த எழுத்து.

எங்கள் வீடு அடையாற்று ஓரத்தில் இருந்தது. மந்தைவெளியில் நாலு வீட்டுக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவோடு ஷூட்டிங்கில் தரை கூட்டப் போனேன். மூன்று வருஷம் கூட்டினேன், புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்தேன், சாப்பாட்டுப் பாத்திரம் கழுவினேன். ஒருநாள் கதாநாயகன் வேட்டியில் மீன் குழம்பு கொட்டிவிட்டது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் வாங்கிக்கொண்டு போய் அடுத்த ஷாட்டுக்குள் கறை தெரியாமல் கொண்டுவந்து நீட்டினேன். துணிமணிப் பொறுப்பில் இருந்த காஸ்டியூமர் மாசிலாமணி அண்ணன் வேட்டியை வெயிலில் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"யம்மா, உன் பேர் இன்னா?"

"கன்னியம்மா."

"தொடப்பத்தைக் கீழ போடு. அடுத்த படம் எங்கூட வா. சரியா வந்தா நீ நம்ம ஆளு. வராங்காட்டி தொடப்பம் எங்கயும் போவல, இங்கயேதான் கீது."

அந்த அடுத்த படத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். தொடப்பத்துக்கும் எனக்கும் நடுவில் அந்த ஒரு படம்தான் இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பர் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். இதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கேமராமேன் தயாளன் சார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். சத்தம் போட்டே யாரும் பார்த்ததில்லை. லைட்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஊமைச்சாமி என்பார்கள். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ரூபாய்க் காசளவு கறுப்புக் கண்ணாடி. எதையும் அந்தக் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்த பிறகுதான் பேசுவார். மனிதரைக்கூட அப்படித்தான் பார்ப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

முதல்நாள் கதாநாயகியம்மாவுக்கு வெள்ளைக் காட்டன் புடவை. பால் மாதிரி வெளுத்து, அளவாகக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் கொடுத்தேன். சார் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் துவைச்சீங்களா?"

"நான்தான் சார்."

"ரொம்ப நல்லா துவைச்சிருக்கீங்க. இதை வெச்சு நான் படம் எடுக்க முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. அவர் கழுத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "கண்ணை மூடிக்கங்க. இதைக் கண்ணுகிட்ட வையுங்க. இப்ப திறங்க. எது முதல்ல தெரியுது?"

"புடவை சார்."

"அந்தம்மா முகம்?"

"அது அப்பாலதான் தெரியுது."

"கேமராவும் அப்படித்தான். வெள்ளை எங்க இருக்கோ அங்க ஓடிப் போயிடும். பார்க்கறவங்க கண்ணும் பின்னாலயே ஓடும். நமக்கு முகம் வேணும். அதனால வெள்ளையைக் கொஞ்சம் அடக்கணும்."

அதற்கு வழி மாசிலாமணி அண்ணன் காட்டினார். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவிட்டு டீத்தூளைத் துணியில் முடிந்து போட வேண்டும். நிறம் இறங்கியதும் ஒரு பிடி உப்பு. புடவையை முதலில் பச்சைத் தண்ணீரில் முழுக்க நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த துணியை அப்படியே முக்கினால் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். முக்கியதும் கையை எடுக்காமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் போதும். பிறகு அலசி, நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெளுப்பதுதான் என் கௌரவம் என்று இருந்தவள் நான். நான் வெளுத்ததை நானே டீயில் முக்கும்போது கை கூசியது. ஆனால் மறுநாள் அதே கண்ணாடியில் பார்த்தேன். அந்தம்மாவின் முகம் விளக்கு ஏற்றியது போல முதலில் வந்தது. புடவை பின்னால் அடக்கமாக இருந்தது. வெறும் கண்ணுக்கு அது அப்போதும் வெள்ளைப் புடவைதான்.

கதை இதுதான். வறுமையில் இருக்கிற ஒருத்தி தன் ஒரு வயதுப் பெண் குழந்தையைப் பிள்ளையில்லாத அக்காவுக்குக் கொடுத்துவிடுகிறாள். கொடுத்துவிட்டு ஒரு சந்து வழியாகத் தனியாக நடந்து வீட்டுக்குத் திரும்புகிறாள். அந்த நடைக்கு வசனம் கிடையாது, அழுகை கிடையாது, முகம்கூடக் கிடையாது. கேமரா பின்னாலிருந்துதான் போகும்.

சந்து, மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குழந்தையைக் கொடுக்கிற காட்சியை அங்கேயே ஒரு வீட்டுக்குள் சாயங்காலம் எடுத்தார்கள். நடையை மறுநாள் காலையில் எடுக்க வேண்டும். ஏழு மணிக்கு இரண்டு வீட்டுக்கு நடுவே வெயில் சந்துக்குள் சாய்வாக இறங்கும். அரை மணி நேரம்தான் நிற்கும். அந்தம்மா மத்தியானம் வேறு படத்துக்கு வெளியூர் ரயில் ஏற வேண்டும்.

நடைக்கு முந்தின நாளே சார் சந்தில் வேடிக்கையாக ஒரு வேலை செய்தார். அங்கே இருந்த கறுப்பான சாமானையெல்லாம் எடுக்கச் சொன்னார். ஒரு வாசலில் சைக்கிள் டயர், ஒரு ஜன்னலில் குடை, இன்னொரு வீட்டுத் தார் டிரம், எல்லாவற்றையும் எடுத்தோம். கறுப்பாக இருந்த ஒரு கதவுக்கு நீல வர்ணம் பூசினார்கள். டயரைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். "ஊமைச்சாமிக்குக் கறுப்புன்னா ஆகாதுபோல" என்று லைட்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் காட்சி முடிந்தது. குழந்தை ஓயாமல் அழுதுவிட்டு அந்தம்மாவின் இடது தோளில் கன்னத்தை வைத்தபடி தூங்கியிருந்தது. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு, கண்ணில் மை. நான் டீயில் முக்கிய அந்தப் புடவை என் கைக்கு வந்தபோது தோளின் பின்பக்கம் பொட்டும் மையும் எச்சிலும் அப்பியிருந்தன. புடவையில் குண்டூசியால் ஒரு சீட்டுக் குத்தியிருந்தது. எல்லாத் துணியிலும் சீட்டு இருக்கும். எத்தனையாவது சீன் என்று எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாவம், அந்தம்மா காலையில் இதை எப்படிக் கட்டுவாள் என்று தோன்றியது. மைக்கறைக்குச் சோப்பு ஆகாது. முதலில் தேங்காய் எண்ணெய் விட்டு விரலால் சுழற்றி ஊறவைக்க வேண்டும். கறுப்பு எண்ணெயில் கலங்கி வந்த பிறகு வெந்நீர், அதற்கப்புறம்தான் சோப்பு. அரை மணி நேரத்தில் தோள் சுத்தமாகிவிட்டது. சீட்டைப் பத்திரமாக எடுத்த இடத்திலேயே குத்திவைத்தேன்.

காலை ஆறு மணிக்குப் புடவையை நீட்டினேன். மாசிலாமணி அண்ணன் தோள் பக்கத்தைத் தேடினார். முந்தானையைப் புரட்டினார். மறுபடியும் தேடினார்.

"எங்கம்மா?"

"எது ண்ணா?"

"கறை!"

"தொவைச்சிட்டேன் ண்ணா. சுத்தமா போய்ட்ச்சு."

அண்ணன் அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "சீட்டுல இன்னா எய்திகீது? படி."

நான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தொவைக்காதேன்னு கொட்டை எய்த்துல எய்திகீறேன். படிம்மா!"

"எனக்குப் படிக்கத் தெரியாது ண்ணா."

இதை அவ்வளவு பேர் நடுவில் சொன்னேன். குனிந்து சொல்லவில்லை, நிமிர்ந்துதான் சொன்னேன். ஆனால் தொடப்பம் கண் முன்னால் வந்து நின்றது.

சின்னப் படம் என்பதால் அதே மாதிரி இரண்டாவது புடவை கிடையாது. போட்டோகாரர் எடுத்ததெல்லாம் முன்பக்கம். பின்தோளை ஒருவரும் படம் பிடிக்கவில்லை. காட்சிக்குக் காட்சி எதுவும் மாறாமல் இருக்கக் குறித்து வைக்கிற கண்டினியூட்டி நோட்டில் 'இடது தோளில் கறை' என்று மூன்று வார்த்தை மட்டும் இருந்தது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். உதவி டைரக்டர் ஒருத்தர், "ஷூ பாலிஷைத் தடவிடலாம் சார்" என்றார்.

தயாளன் சார் புடவையை வாங்கி அதே கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். டீ நிறமும் கொஞ்சம் போயிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சந்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த டயரை எடுத்துப் போட்டது நீங்கதானே?"

"ஆமா சார்."

"ஏன் எடுக்கச் சொன்னேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சந்தில் வேறெங்கும் கறுப்பு இருக்கக் கூடாது. கண் எங்கே சுற்றினாலும் கடைசியில் அவள் தோளுக்குத்தான் வர வேண்டும். குழந்தை அங்கேதான் இருந்தது, இப்போது இல்லை என்று யாரும் வாயால் சொல்லப்போவதில்லை. அந்தக் கறைதான் சொல்ல வேண்டும். தெருவில் இருந்த கறுப்பையெல்லாம் தூக்கிப்போட்ட கையால், இருக்க வேண்டிய ஒரே கறுப்பையும் துவைத்துவிட்டேன்.

"சார், பாலிஷ் வாணாம்" என்றேன். "அது பளபளன்னு நிக்கும். கொயந்தை மை மங்கலா இருக்கும். நானே வெச்சித் தரேன்."

"எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"அரை மணி நேரம் வெரலாலயே தேய்ச்சிக்கினு இருந்தேன் சார். எம்மாங்கறுப்பு, எங்க எங்கன்னு என் வெரலுக்குத் தெரியும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நிறம் போனதை நான் பார்த்துக்கறேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சு வாங்கினா சரியாயிடும். கறையை நீங்க பார்த்துக்கங்க."

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். கைக்குழந்தையோடு ஒரு மாமி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "குழந்தைக்கு இடற மைதானே, டப்பியோட எடுத்துண்டு போங்கோ. கஞ்சியா? இப்பதான் சாதம் வடிச்சேன், இருங்கோ" என்று உள்ளே ஓடினாள். கஞ்சி எதற்கென்றால், குழந்தையின் எச்சில் காய்ந்த இடம் விறைப்பாக வளையம் கட்டியிருந்தது. அது கஞ்சியில்தான் வரும்.

கதாநாயகியம்மா புடவையைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். கட்டின பிறகுதான் வைக்க வேண்டும். மடித்து வைத்துத் தடவினால் பொய்யாகத் தெரியும். குழந்தையின் கன்னம் மாதிரி மெத்தென்று இருப்பது கையில் ஒரே இடம்தான், கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற சதை. அங்கே மையால் பொட்டு வைத்துக்கொண்டு தோளில் அழுத்தினேன்.

"அங்க இல்லே கன்னியம்மா" என்றாள் அந்தம்மா. "இன்னும் கொஞ்சம் கழுத்துப் பக்கம். அது மூச்சு என் காதுல பட்டுட்டே இருந்தது."

நகர்த்தினேன். குழந்தை தூக்கத்தில் சரிந்தபோது பொட்டு கீழ்நோக்கி இழுபட்டிருந்தது. இரண்டு விரல் நீளம். கையைத் தளரவிட்டுச் சரித்தேன். கண்ணீரோடு வந்த மைக்கு ஈரவிரலால் இரண்டு கோடு. அதைச் சுற்றிக் கஞ்சி வளையம். அந்தம்மா அசையவில்லை. முடித்து நிமிர்ந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

"கனமா இருக்கு" என்றாள்.

தயாளன் சார் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். "ஒரு அங்குலம் கீழே இருந்த மாதிரி இருக்கே."

"இல்ல சார். இங்கதான்."

"நிச்சயமா?"

"தொவைச்சவ நான் சார். எனக்குத் தெரியாதா?"

ஊமைச்சாமி சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். கண்ணை மூடித் திறந்தேன்.

"எது முதல்ல தெரியுது?"

"கறை சார்."

"எடுக்கலாம்" என்றார்.

வெயில் இறங்கியது. தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டியில் கேமரா பின்னால் போனது. முதலில் சந்து முழுக்கத் தெரிந்தது. நீலக் கதவு, சுண்ணாம்புச் சுவர், நடுவில் சின்னதாக ஒருத்தி. கேமரா அவளைவிடக் கொஞ்சம் வேகமாகப் போய்க்கொண்டே இருந்தது. சுவர் போனது, கதவு போனது, கடைசியில் அந்தத் தோள் மட்டும் மிஞ்சியது. அவள் ஒரு இடத்தில் தலையை இடதுபக்கம் சாய்த்தாள், அங்கே ஒரு கன்னம் இருப்பது போல. டைரக்டர் அதைச் சொல்லித்தரவில்லை.

படம் வந்ததும் காசு கொடுத்து தியேட்டரில் போய்ப் பார்த்தேன். அந்த இடம் வந்தபோது என் பக்கத்து சீட்டில் இருந்த பெண் தன்னை அறியாமல் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மாசிலாமணி அண்ணன் தொடப்பத்தைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து துவைக்கக் கூடாத துணியில் சீட்டோடு ஒரு சிவப்பு நூலும் கட்ட வேண்டும் என்றேன். கட்டினார்கள். பிறகு நான் வேலை பார்த்த எல்லாக் கம்பெனியிலும் கட்ட வைத்தேன். சீட்டையும் விடவில்லை. 'சீன்', 'கறை', 'துவைக்காதே' என்று அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் தி.நகரில் பழைய படங்களைச் சரிசெய்கிற ஒரு இடத்திலிருந்து போன் வந்தது. அந்தப் பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து ஞாயிற்றுக்கிழமை திரையிடுகிறார்களாம். வேலை செய்தவர்களில் இருப்பவர்கள் முன்கூட்டியே வந்து பார்க்க வேண்டுமாம். தயாளன் சார் இல்லை, அண்ணனும் இல்லை. நான் போனேன்.

சின்ன ஹால். படம் புதுசு போல இருந்தது. கீறல் இல்லை, புள்ளி இல்லை. நீலக் கதவு அவ்வளவு நீலம் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. சந்து வந்தது. அவள் நடந்தாள். நான் பழக்கத்தில் கண்ணை மூடித் திறந்தேன்.

முதலில் புடவைதான் தெரிந்தது.

நல்ல புடவை, நல்ல தெரு, ஒரு பொம்பளை எங்கேயோ போகிறாள். அவ்வளவுதான். தோள் சுத்தமாக இருந்தது.

"நிறுத்துங்கம்மா!" என்று எழுந்துவிட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பயந்துபோய்த் திரும்பினாள். நிவேதா என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"என்னாச்சும்மா?"

"தோள்ல கறை எங்க?"

"ஓ, அந்த அழுக்கா? நான்தான் க்ளீன் பண்ணேன். ஒவ்வொரு ஃப்ரேமா எடுத்தேன்மா, மூணு நாள் வேலை. அந்தக் காலத்துல காஸ்டியூம்காரங்க கவனிக்காம விட்டுட்டாங்க, பாவம்னு…"

"அந்தக் காஸ்டியூம்காரி நான்தாம்மா."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே முழுக் கதையையும் சொன்னேன். "நீ மூணு நாள் தொவைச்ச, நான் அரை மணி நேரம் தொவைச்சேன். ரெண்டு பேர் கையும் சுத்தமான கைதான்" என்றேன்.

"இது மட்டும் இப்படியே போயிருந்தா…" என்றவள் முடிக்காமல் நாற்காலியைத் திருப்பினாள். பழையது எதுவும் அழியவில்லையாம், அப்படியே இருக்கிறதாம். திரையில் சந்து மறுபடியும் வந்தது. அவள் ஏதோ அழுத்தினாள். தோளில் கறை வந்து உட்கார்ந்தது. என் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற சதையின் அச்சு, என் இரண்டு விரல் இழுப்பு, மாமி வீட்டுக் கஞ்சி, எல்லாம் இருந்தது. சாய்ந்த தலைக்கு இப்போது காரணம் இருந்தது.

"அம்மா, இங்க பாருங்க" என்று நிவேதா திடீரென்று திரையை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பக்கம் சந்து. இன்னொரு பக்கம், குழந்தையைக் கொடுத்துவிட்டு அந்தம்மா திரும்புகிற நொடி. அதில் நிஜக் கறை ஒரு கணம் தெரிகிறது. அன்றைக்குக் காலையில் அந்த பிலிம் இன்னும் லேபில் கழுவாமல் டப்பாவில் இருந்ததால் ஒருவரும் பார்த்திருக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

என்னுடையது ஒரு அங்குலம் மேலே இருந்தது.

எனக்கு முகம் சுட்டது. தயாளன் சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, என் பேச்சைக் கேட்டுக்கொண்டு, "எடுக்கலாம்" என்றும் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் அந்தச் சிரிப்புக்கு நான் வேறு அர்த்தம் வைத்திருந்தேன்.

"சரி பண்ணிடவாம்மா? கீழே இறக்கிடலாம். பத்து நிமிஷ வேலை."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் மூச்சு காதில் பட்டது என்று அந்தம்மா சொல்லித்தான் அங்கே வைத்தேன்.

"வாணாம்மா" என்றேன். "அவங்களுக்கு எங்க கனத்துச்சோ அங்கயே கீது. இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்த கூட்டம். சந்து வந்தது. பக்கத்து சீட்டிலிருந்த நிவேதா என் காதருகே குனிந்து, "ஒரு அங்குலம் மேல" என்றாள். அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.